பதினெட்டு ரூபாய் ஆகட்டும்

எங்கள் சபையில் இந்திய ரூபாயின் மதிப்பு விழ வேண்டும் என்று ஜெபித்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. தேசத் துரோகம் என்ற சொல்லெல்லாம் அந்த வயதில் தெரியாது.

அப்பா துபாயில் ஏசி மெக்கானிக். அம்மா வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். கடை முடிந்து அவள் வீடு வர ஒன்பதாகிவிடும். பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, டிவியைச் சத்தமாக வைத்துவிடுவேன். வெளியே போகிறவர்கள் வீட்டில் நாலு பேர் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்பது என் ஏற்பாடு. உள்ளே இருந்த எனக்குத்தான் அது பலிக்கவில்லை. தனியாக இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசியாக லீவு முடிந்து கிளம்பிய அன்று, அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் விடவில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து என் காதில் சொன்னார்.

“ஒரு திர்ஹாம் பதினெட்டு ரூவா ஆகட்டும்ட்டி. அப்பா பெட்டியக் கட்டிட்டு மொத்தமா வந்துருதேன். அம்மாட்ட சொல்லாத.”

அன்றைக்கு அந்த ஊர்ப் பணமான திர்ஹாம் ஒன்றுக்கு நம் பணம் பதினான்கு ரூபாய்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் சட்டையை விட்டுவிட்டேன். பதினான்கிலிருந்து பதினெட்டுக்கு நாலுதானே.

பள்ளியிலிருந்து வரும் வழியில், வெளிநாட்டுப் பணம் வந்தால் எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. வாசல் பலகையில் டாலர், ரியால், திர்ஹாம் என்று எழுதி, நேராக அன்றைய ரேட்டைச் சாக்பீஸால் போட்டிருப்பார்கள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் தேதி போட்டு திர்ஹாம் ரேட்டைக் குறித்துக்கொள்வேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, தெனமும் என்னத்த எழுதுத? நீ என்ன பேங்க் மானேஜரா?”

“இன்னைக்குக் கூடுமா அண்ணாச்சி?”

“கூடும் கூடும். ஒனக்கு நல்ல காலந்தான்.”

ஐந்து பைசா ஏறிய நாளில் தனியாக இருக்கப் பயம் வராது. இறங்கிய நாளில் சோறு இறங்காது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று திட்டுவாள்.

ஞாயிறு பள்ளியில் பாடம் முடிந்ததும் டீச்சர் எல்லாரிடமும் ஜெபக்குறிப்பு கேட்பார். ஒருத்தி தாத்தாவின் கண் ஆபரேஷனுக்குக் கேட்டாள். ஒருத்தன் கணக்குப் பரீட்சைக்குக் கேட்டான். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

“ரூவா மதிப்பு இன்னும் விழணும் டீச்சர்.”

“என்னட்டி சொல்லுத? எந்த ரூவா?”

“நம்ம ரூவாதான்.”

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். அவன் அப்பாவுக்கு ஆட்டோ. “டீச்சர், ரூவா விழுந்தா பெட்ரோல் வெல ஏறும்னு எங்கப்பா சொல்லுதாங்க. இவ ஜெபத்தக் கேக்கக் கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணுவேன்!”

இரண்டு கட்சியையும் ஒரே ஜெபத்தில் எப்படிச் சேர்ப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. “ஆண்டவருக்குச் சித்தமானது நடக்கட்டும்” என்று சொல்லி அவசரமாக ஆமென் போட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து என் பெஞ்சில் என்னோடு யாரும் உட்காரவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சொல்லாதே என்றிருந்தாரே.

ஆண்டவர் என் கட்சிதான் என்று நினைக்கும்படி அந்த வருஷம் ரூபாய் சரிந்தது. பதினைந்து, பதினாறு என்று போய், ஆகஸ்டில் வேகம் பிடித்தது. டிவியில் கோட் போட்டவர்கள் கவலையோடு பேசினார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பலகையில் பதினெட்டும் சில்லறையும் போட்டிருந்தது. நான் வீடு வரை ஓடினேன். பீரோவில் அப்பாவின் தட்டைக் காலிசெய்து, அதில் இருந்த என் உடுப்புகளைக் கீழ்த்தட்டில் திணித்தேன்.

அப்பா வெள்ளிக்கிழமை காலையில்தான் பேசுவார். அம்மாவுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் கடை. அவளுக்கு முன்னால் நான் போனைப் பறித்தேன்.

“அப்பா, பதினெட்டு தாண்டிட்டு!”

“ஆமாட்டி, இங்கன எல்லாவனும் அதத்தான் பேசுதான். பணம் போட அம்புட்டுக் கூட்டம்.”

“அப்ப எப்ப வாரீங்க?”

அப்பா மெதுவாகச் சொன்னார். “அம்மாட்ட குடு.”

அம்மா வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். “சரி” என்று மூன்று தடவை சொன்னது கேட்டது. திரும்பி வந்து போனைச் சார்ஜரில் போட்டவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்பா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாவளாம். இந்த ரேட்ட விட்டா பெறகு கெடைக்காதாம்.”

ரேட் ஏற ஏற, திரும்பி வருவதற்கல்ல, அங்கேயே இருப்பதற்குத்தான் காரணம் கூடும் என்று இன்று யார் கேட்டாலும் விளக்கிச் சொல்வேன். பதினெட்டு என்பது, அழுகிற பிள்ளையிடம் சட்டையை விடுவிக்க ஒரு தகப்பனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த எண். அது நிஜமாகவே வந்து நிற்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பதினெட்டு போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலிப் பெஞ்சின் முன்னால் முழங்கால்படியிட்டு, யாருக்கும் கேட்காமல் இருபதுக்கு ஜெபித்தேன்.