காய் விட்ட மச்சான்கள்

அப்பாவும் மாமாவும் காய் விட்டிருந்த அந்த நோன்பு மாதத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. சிதம்பரம் தீயணைப்பு நிலையத்தில் அப்பாவோடு ஒரே வண்டியில் போகிறவர், குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு, ஊர் பரங்கிப்பேட்டை. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். நோன்பு நாட்களில் மாமா நோன்பு திறக்கும்வரை அந்த ஷிஃப்டில் யாரும் டீகூடக் குடிக்க மாட்டார்கள். யார் போட்ட சட்டமோ, மேலதிகாரி உத்தரவைவிட ஒழுங்காக நடந்தது.

அந்த மச்சானுக்குத் துபாய் விசா வந்திருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. "என்கிட்ட மறைச்சிட்டான் பாரு" என்று வீட்டுக்குள் ஒரு நாள் கத்தினார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு நான்தான் தபால்காரி. "டூட்டிக்கு நேரமாச்சுன்னு அவருகிட்ட சொல்லு" என்பார் அப்பா. இரண்டடி தள்ளி நிற்கும் மாமா, "வந்துட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்பார். மீசை வைத்த ஆட்கள், செய்கை மட்டும் மூன்றாம் வகுப்பு.

நானும் மூன்றாம் வகுப்பு என்பதால் அதன் விதிகள் எனக்கு அத்துப்படி. காய் விட்டவளுக்கு ரப்பர் தரக் கூடாது. அவள் கீழே விழுந்தால் கை கொடுக்கக் கூடாது. நெருப்புக்குள் மாமா விழுந்தால் அப்பா என்ன செய்வார்? யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மாமி நோன்புக் கஞ்சித் தூக்கோடு நிலையத்துக்கு வந்தார். அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி நோன்பு திறக்கச் சற்று நேரம் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் குடோன் எரிகிறது, உள்ளே ஓர் ஆள் மாட்டிக்கொண்டான் என்றார்கள். அப்பாவும் மாமாவும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலே வண்டியில் ஏறினார்கள். வீடுகளுக்கு மேலே கரும்புகை எழுவது அங்கிருந்தே தெரிந்தது.

"காலையிலேர்ந்து தொண்டையில சொட்டுத் தண்ணி படலியேக்கா. அந்தப் பொகையில எப்டி நிப்பாங்க?" என்று மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவாது, தைரியமா இரு. எங்க வூட்டுக்காரரும் கூடத்தான போயிருக்காரு" என்றாள் அம்மா.

எனக்கு அதுதான் கவலையே.

பாங்கு கேட்டது. தூக்கின் மூடியை யாரும் தொடவில்லை. காவலுக்கு இருந்தவர் போட்ட டீ அவர் முன்னாலேயே ஆடை கட்டியது. மாமி முணுமுணுவென்று ஓதிக்கொண்டே இருந்தார்.

வண்டி திரும்பியபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். மாட்டிய ஆளை உயிரோடு எடுத்துவிட்டோம் என்று யாரோ சொன்னார்கள். மாமா இறங்கினார். முகமெல்லாம் கரி. காக்கிச் சட்டையின் தோளில், ஐந்து விரலும் பதிந்த ஒரு கறுப்புக் கை. நான் வீறிட்டேன்.

"மாமி, அப்பா மாமாவ அடிச்சிட்டாரு! பாருங்க, பாருங்க!"

மாமா சிரிக்கப் போய் இருமலில் குனிந்தார். அப்பா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய கையையே கழுவிக்கொண்டிருந்தார். மாமி அந்தத் தடத்தின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். அவர் கண்ணீர் விட்டதும் என் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. அடியேதான்.

கண் தெரியாத புகையில் முன்னால் போகிறவன் தோளிலிருந்து பின்னால் வருகிறவன் கையை எடுக்கவே கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். அது என் காதுக்கு வர வெகுகாலம் ஆயிற்று.

மாமா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மாமி ஆறிப்போன கஞ்சியை டம்ளரில் ஊற்றினார். தன் புருஷனைத் தாண்டிக் குழாயடிக்குப் போனார்.

"மொதல்ல நீங்க குடிங்கண்ணே."

அப்பா வாங்கிக் குடித்தார். பாதி டம்ளரை மாமாவிடம் நீட்டி, "இந்தா மச்சான்" என்றார். என்னைத் தபாலுக்குக் கூப்பிடவில்லை.

அடித்தவருக்கு முதல் கஞ்சி. இது என்ன நியாயம் என்று எனக்கு மாமிமேல் அப்படி ஒரு கோபம். மறுநாள் முழுக்க அவருடன் காய் விட்டுவிட்டேன்.