திருப்பிச் சொல்பவர்

"வரேக்க அரைக்கிலோ வெங்காயமும் ஒரு றாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு வாங்கோ." கைபேசியில் கமலாதேவி அக்காவின் குரல் எங்கள் வகுப்பறை முழுவதற்கும் கேட்கிறது. அவருடைய கணவர் அருளம்பலம் அண்ணன் கைபேசியை வாய்க்கு நேரே பிடித்து, "அரைக்கிலோ வெங்காயம், ஒரு றாத்தல் பாண். சரி" என்கிறார். அதன் பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கிறார். பஸ்ஸில் நடத்துநர் "பின்னுக்குப் போங்க" என்றால், "பின்னுக்குப் போறன்" என்று அறிவித்துவிட்டு நகர்வார். இந்த மனிதருக்கு எங்கேயோ ஓர் ஆணி கழன்றிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

அண்ணன் துறைமுகத்தில் படகோட்டி. பெரிய கப்பல் திருகோணமலைக்குள் நுழையும்போது அதற்கு வழிகாட்டும் பைலட்டைக் கடலுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிடும் படகு அவருடையது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானொலியில் வரும் ஒவ்வொரு கட்டளையையும் சொல் பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். "நான் திருப்பிச் சொல்லாட்டி எனக்கு விளங்கினதோ இல்லையோ எண்டு மேல இருக்கிறவருக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பழக்கம் வேலை முடிந்தும் அவரை விட்டு இறங்குவதில்லை. கமலாதேவி அக்கா ஒருநாள் என்னிடம் முறையிட்டார்: "இந்த மனிசனோட சண்டை பிடிக்கவும் ஏலாது தங்கச்சி. நான் ஏசினதை அப்பிடியே திருப்பிச் சொல்லிப்போட்டு நிப்பார். பிறகு நான் ஆரோட கொளுவுறது?"

ஐம்பதைத் தாண்டிய இவர் ஆங்கிலத்தில் பட்டம் படிக்கிறார். வெளிவாரிப் பட்டம். சனி, ஞாயிறுகளில் நகரத்தில் வகுப்பு. அவர் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். கிண்ணியாவில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் நான் பாலம் கடந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வகுப்பில் மற்ற எல்லோரும் அவருடைய பிள்ளைகளின் வயது. உப்புத்தண்ணீர் படாமலிருக்கப் பொலித்தீன் உறை போட்ட புத்தகங்கள், கழுத்தில் மீன் பிடிக்கும் தங்கூசி நூலில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எண்ணெய்க் கறை போகாத விரல்கள். கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் படகில் உட்கார்ந்து நாடகங்கள் வாசிக்கிறார் என்று கூட வேலை செய்பவர்கள் அவருக்குப் 'பிரின்சிப்பல்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். படிக்காமலே பட்டம் கிடைத்துவிட்டது என்று அவரே சிரிப்பார்.

எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறித் தேறியவர் கவிதைப் பாடத்தில் மட்டும் இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது தடவையும் விழுந்தால் பதிவு ரத்து. இத்தனை வருடப் படிப்பும் கடலில் கரைத்த உப்புத்தான். என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக எங்கள் விரிவுரையாளர் கீர்த்தனி மிஸ் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். விடைத்தாளைப் பார்த்த மிஸ் தலையில் கை வைத்துவிட்டார். வினாத்தாளில் அச்சிட்டிருந்த ஒரு பக்கக் கவிதை முழுவதையும், தலைப்பிலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை, அண்ணன் அழகான கையெழுத்தில் திருப்பி எழுதியிருந்தார். அதன் கீழே கேள்வி. கேள்விக்குக் கிடைக்கும் புள்ளிகள்கூட அடைப்புக்குறிக்குள். அதற்கும் கீழே, நேரம் முடியும் அவசரத்தில், இரண்டே வரிகளில் விடை.

"அண்ணன், கவிதையில என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தோணுதெண்டு எழுதுங்கோ" என்றார் மிஸ்.

"அது மெசேஜில இல்லாத கதையெல்லோ மிஸ்?" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வானொலியில் வந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்ப்பது அவருடைய தொழிலில் பெரிய பிழை. அதை முப்பது வருடம் செய்யாமலிருந்தவரிடம் போய் இப்போது செய் என்றால் எப்படி?

அன்று இடைவேளையில் கடற்கரைப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த வயசில உங்களுக்கு ஏன் அண்ணன் இந்தப் பாடு? கதைக்கப் பழகவேணுமெண்டா ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாசுக்குப் போயிருக்கலாமே" என்று கேட்டேன்.

"போனனான். ஹோட்டல்ல றூம் கேக்கத்தான் அங்க படிப்பிச்சவை."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சில வருடங்களுக்கு முன், வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றில் கம்பிக் கயிறு அறுந்து ஒரு மாலுமி அடிபட்டிருக்கிறான். மகனின் வயதிருக்கும். அவனைத் தூக்குக் கட்டிலில் கட்டி இவருடைய படகுக்கு இறக்கினார்கள். படகு ஓட்டுவதைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு இவர் அவன் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

"கரைக்கு வருமட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இங்கிலிஷில கதைச்சவன் தங்கச்சி. வீடு எண்டு சொன்னது விளங்கினது. அம்மா எண்டது விளங்கினது. மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை. நான் அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தனான். ஹோம், ஹோம். மதர், மதர். அவன் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டே இருந்தவன். நான் ஏதும் சொல்லுவன் எண்டு பாத்திருப்பான்."

"பிறகு?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. கப்பல் வெளிக்கிட்டிட்டுது. இருக்கிறானோ இல்லையோ, எனக்குத் தெரியாது."

யா அல்லாஹ், இவரையா ஆணி கழன்றவர் என்று நினைத்தேன்! பயந்துபோன ஒருவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதை எந்த வகுப்பிலும் படிப்பிப்பதில்லை. கவிதையில் இருக்கலாம் என்று நம்பித்தான் இவர் வந்திருக்கிறார். அவர் நம்பிக்கை சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பட்டம் கிடைத்தால் சம்பளம் கூடும் என்று வந்தவள்.

போன மாதம் பரீட்சை நடந்தது. பாடசாலை மண்டபத்தில் எனக்கு முன்னால் அவருடைய மேசை. வினாத்தாளில் மறுபடியும் ஒரு நீளமான கவிதை. எழுதத் தொடங்காமல் நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா தலைப்பை எழுதியது. முதல் வரியை எழுதியது. மண்டபத்தில் எப்படிக் கத்துவது? இரண்டாம் வரியில் பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு எழுதியதற்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். என்னுடைய தாள் இன்னும் வெறுமையாகக் கிடப்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசி மணிக்குச் சற்று முன், முன்னால் ஒரு கை உயர்ந்தது. மேற்பார்வையாளர் பெண் அவரிடம் குனிந்து, "முடிஞ்சுதோ ஐயா? கட்டித் தரப்போறீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை மிஸ். தாள்தான் முடிஞ்சுது. இன்னொண்டு தாங்கோ."

அந்தப் பெண் தாள் எடுக்க மேடைக்குப் போய்த் திரும்பும்வரை அருளம்பலம் அண்ணனின் இடது கை நீட்டியபடியே இருந்தது. வலது கை, நிரம்பிய பக்கத்தின் ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளையில், பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே போனது.