மேடைக்குக் கீழே வைத்த ட்ரம்ஸ்

எங்கள் பொப் இசைக் குழுவைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஒரு கல்யாண வீட்டில், என் வயதுக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீங்க மூணு பேரும் அந்தக் காலத்துல சனத்த என்னா ஆட்டம் ஆட வச்சீங்க!" என்றார். மூன்று பேராம்! நாங்கள் நான்கு பேர். அந்த நாலாவது ஆள் இல்லாவிட்டால் எங்களை ஒரு நாயும் திரும்பிப் பார்த்திருக்காது. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "அட, ஆமா, அவனும் இருந்தான்ல" என்று பாயசத்தை வழித்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் கிட்டார். பாடுகிறவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஓர்கன் வாசித்தவன் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஸ்பீக்கர், மைக் எல்லாம் அவனுடையவை. ட்ரம்ஸ் அடித்தவன் எங்கள் தோட்டத்துப் பணிய லயத்தான். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்; பணிய லயம் என்றால் மற்ற லயங்களுக்கெல்லாம் கீழே, ஓடையோரமாக இருந்த லயம். எங்களுடையது மேட்டு லயம். யாரை எந்த லயத்தில் வைப்பது என்பதைச் சாதி பார்த்து எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். அவனுடைய அப்பா தப்பு அடிப்பவர். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும், சாவு வீட்டுக்கும், சாமி ஊர்வலத்துக்கும் அவருடைய தப்புதான். மகன் பகலில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவான். காலித் தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுக் கிளையில் குச்சி செதுக்கி அடித்துப் பழகியவன் அவன். டவுனில் ஒரு பழைய ட்ரம் செட் கிடைத்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

இரண்டு வருஷத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்களைக் கூப்பிட்டார்கள். கல்யாணம், கார்னிவெல், பாடசாலை விழா எதையும் விடவில்லை. வகுப்பில் மூச்சு விட்டால் பிரம்பைத் தூக்குகிற வாத்தியார், மேடையில் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுவார். ஆனால் சனம் வந்தது ட்ரம்ஸுக்கு. அவனுக்கு உட்கார்ந்து அடிக்கவே வராது. மூன்றாவது பாட்டில் ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். பைலா ஆட்டப் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் அவன் அப்பாவின் தப்பு அடியை எடுத்து விடுவான் பாருங்கள், பிறகு யாராலும் நாற்காலியில் இருக்க முடியாது. பதுளையில் ஒரு தடவை முன்வரிசை உத்தியோகத்தர்மார் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஒரே கூட்டமாகக் கிடந்து குதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் சொந்தத் தோட்டத்தின் கண்ணில் நாங்கள் பட்டோம். அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீர் முடிந்து மத்தியானத்துக்கு மேல் எங்கள் நிகழ்ச்சி. கோயில் முற்றத்தில் பலகை மேடை போட்டு, பக்கத்துத் தேயிலை பெக்டரியிலிருந்து கரண்ட் இழுத்துத் தர ஏற்பாடு. கோயில் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா. முதல் நாள் என்னையும் ஓர்கன்காரனையும் கூப்பிட்டார்.

"மேடையில நீங்க மூணு பேரும் ஏறுங்க தம்பி. அவன் கீழ நின்னு அடிக்கட்டும். அவங்கப்பன் அடிக்கிற எடந்தானே. இது கோயில் வாசல், பாருங்க."

ஓர்கன்காரன் முஸ்லிம், அவன் மேடையில் ஏறலாமாம். விருந்தாளியாம். அம்மனுக்கு முன்னால் நடந்து தப்பு அடித்து அவளை வீதிக்கு அழைத்து வருகிற குடும்பத்துப் பிள்ளை ஏறக் கூடாதாம். பெரியப்பா சிரித்த முகத்தோடு, ஏதோ பந்தல் கால் எங்கே நடுவது என்பதைப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

வெளியே வந்ததும் ஓர்கன்காரன், "அப்ப எல்லாருமே கீழ நின்டு வாசிப்பமே. மேடை இல்லாட்டி கிட்டார் சத்தம் போடாதா?" என்றான்.

எவ்வளவு எளிய வழி! நாலு பேரும் தரையில் நின்றிருந்தால் பெரியப்பாவால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. நான்தான் வேண்டாம் என்றேன். எத்தனையோ ஊர் மேடை ஏறியாயிற்று, அம்மா இன்னும் ஒரு தடவைகூட என்னை மேடையில் பார்த்ததில்லை. எனக்குப் பேசிவைத்திருந்த பெண்ணும் அவள் வீட்டாரும் வருவதாக இருந்தார்கள். எனக்கு மேடை வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். வாத்தியாரிடம் கேட்டோம். கோயில் விஷயத்தில் தலையிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சாதி கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற மனுஷன்.

ட்ரம்ஸ்காரனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மேடை சின்னது, பலகை தாங்காது என்று ஏதேதோ உளறினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி மச்சான். எங்க வச்சாலும் அடிக்கப்போறது நாந்தான?" என்றான். அவன் சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ட்ரம்ஸை மேடைக்குக் கீழே, இடப்பக்கமாக வைத்தான். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சப்பாத்துதான் தெரியும். முதல் இரண்டு பாட்டுக்குச் சனம் எங்களைப் பார்த்தது. மூன்றாவது பாட்டில் அவன் எழுந்தான். கூட்டம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனைச் சுற்றி வளையம் போட்டுவிட்டது. மேட்டு லயத்துப் பையன்கள்தான் முன்னால் நின்று ஆடினார்கள். ஆடுகிற காலுக்குத் தீட்டு இல்லை. அடிக்கிற கைக்குத்தான் தீட்டு! அன்றைக்கு அவன் அடித்த அடியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

முடிந்ததும் பெரியப்பா மேடையேறி எங்கள் மூன்று பேருக்கும் மாலை போட்டார். ஓர்கன்காரன் தன் மாலையை அப்போதே கழற்றி ஸ்பீக்கர் மேல் வைத்தான். நான் கழற்றவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். சாமி காரியம் முடிந்ததும் தப்பு அடித்தவர், தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டி, குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேட்டு லயத்துப் பெரியவர் யாராவது ஒருவர் முன்னால் வந்து "போதுங்களா சாமி?" என்று கேட்க வேண்டும். அவர் போதும் என்றால்தான் போகலாம். அவன் அப்பா அப்படிக் கேட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவன் ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை.

அன்று கேட்டான். வேர்வை சொட்டச் சொட்ட மேடைக்குக் கீழே வந்து நின்றான். நாங்கள் நாலு பேரும் ஒரே துணியில் தைத்துப் போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். குச்சிகள் இரண்டும் கக்கத்தில். பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார்; அவன் அவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"போதுங்களா சாமி?"

அந்த நேரத்தில் மேடையிலிருந்து குதித்திருக்கலாம். மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டிருக்கலாம். கெட்ட வார்த்தையில் அவனைத் திட்டியிருந்தால்கூட நாங்கள் மச்சான்மார்களாகவே இருந்திருப்போம்.

"போதும்" என்றேன். யோசிக்கவில்லை, கேட்டதும் வாயில் வந்துவிட்டது, பெரியப்பாவுக்கு வருகிற மாதிரியே. அவன் தலையை ஆட்டிவிட்டு, ட்ரம்ஸை அப்படியே விட்டுவிட்டுப் பணிய லயத்துப் பாதையில் இறங்கிப் போனான்.