நான்காம் கட்டிலுக்குக் கையெழுத்து இல்லை

படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்பியவர் அட்டவணையில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை. இது விதி. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க மருத்துவமனையில் நர்சாகவும் பிறகு வார்டை நடத்தும் சிஸ்டராகவும் இருந்து, புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிணவறைக்குப் பக்கத்து வார்டில் வேலை பார்த்தவள் நான். செத்தவர்கள் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. உயிரோடு இருந்தவர்களின் சொந்தக்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, முதியோர் இல்லங்களைப் பார்த்து மதிப்பெண் போடும் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அறுபது வாங்கினால் உரிமம் நீடிக்கும். குறைந்தால் இல்லத்தை மூடி, உள்ளே இருப்பவர்களை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போன ஆகஸ்டில், ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஓர் இல்லத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையின் பங்களா. ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. உள்ளே பதினொரு பேர், பார்த்துக்கொள்ள இல்லத்தை நடத்தும் சாரதாவும் இந்தோனேசியாவிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பணிப்பெண் ஒருத்தியும். அவ்வளவுதான். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, மருந்தெல்லாம் பிஸ்கட் டின்னில் கிடந்தது, தீயணைக்கும் கருவியின் மேல் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் சோறு சூடாக இருந்தது, ஒருவர்கூட அழுக்காக இல்லை, அதையும் எழுதிக்கொண்டேன்.

நான்காம் கட்டிலில் அஞ்சலை. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர், எண்பதைத் தாண்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கை கால் அசையாது, பேச்சும் கிடையாது. கால்மாட்டில் தொங்கிய அட்டவணையில் ஓர் எழுத்து இல்லை, தூசிதான் இருந்தது. முதுகு அழுகிப்போயிருக்கும் என்று கையுறை மாட்டிக்கொண்டு, சாரதாவைப் பிடிக்கச் சொல்லி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், இடுப்பிலும் குதிகாலிலும் தோள்பட்டையிலும் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. என் முதுகைவிட அவர் முதுகு நன்றாக இருந்தது.

"யார் திருப்புறது?" என்று கேட்டேன்.

"நாங்க இல்ல சிஸ்டர்."

"பின்ன?"

சாரதா அட்டவணையின் தூசியைக் கையால் துடைத்தார். "பொய் சொல்லட்டுமா, உண்மைய சொல்லட்டுமா? பொய்ன்னா இப்பவே பேனா எடுத்து மூணு வருஷத்துக்கும் எழுதிக் குடுத்துருவேன்."

"உண்மைய சொல்லுங்க."

"தெரியாது. ஆனா தெனமும் யாரோ திருப்புறாங்க. நீங்க என்ன வேணா எழுதிக்குங்க, அஞ்சலக்காவ மட்டும் இங்கேருந்து எடுத்துறாதீங்க. வேற எடத்துல தாங்க மாட்டாங்க லா."

பொய் அட்டவணைகள் எனக்கு அத்துப்படி. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். வெற்று அட்டவணையும் நல்ல முதுகும் சேர்ந்து ஒரு நோயாளியிடம் பார்த்ததில்லை. விடுவேனா? மதியம் இரண்டு மணிக்கு நானே அஞ்சலையைச் சுவருக்கு முதுகு காட்டிப் படுக்க வைத்தேன். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தேன். அடுத்த கட்டிலுக்கும் இதற்கும் நடுவே இருந்த இடைவெளியில் நாற்காலி போட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டேன். யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அடுத்த கட்டிலில் முத்தம்மா. இனிப்பு நீர் வியாதியில், அதாவது சர்க்கரையில், ஒரு கால் போனவர், வாய் மட்டும் போகாதவர். அந்தக் காலத்து ஆட்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். ஒரு மணி நேரம் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் இல்லை என்றெல்லாம் விசாரித்துவிட்டுத் தூங்கிப்போனார். மழை பிடித்து ஓய்ந்தது. அஞ்சலை கண்ணைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி ஆகப்போகும்போது முத்தம்மா விழித்தார். "மிஸ்ஸி, நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போடுங்க. வழிய அடச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"யாருக்கு வழி?"

"அவங்களுக்குத்தான். பாவம், வந்து எவ்வளவு நேரமா நிக்கிறாங்க."

"யார் அவங்க? பேர் என்ன?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? நீங்க மட்டும் வந்ததும் பேர் சொன்னீங்களா? அந்த போராங் ஃபாரத்தத் தூக்கிக்கிட்டு நேரா கக்கூஸப் பாக்கத்தானே போனீங்க!"

இப்போதும் எனக்கு வெட்கமாக இருப்பது இதுதான். நான் எழுந்தேன். வார்டில் ஸ்ட்ரெச்சர் வந்தால் ஒதுங்குவதுபோல, யோசிக்காமல் ஒதுங்கி, நாற்காலியைத் தூக்கி முத்தம்மாவின் கால்மாட்டில் வைத்தேன். கஞ்சி போட்ட துணி என் முழங்கையில் உரசிய மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அஞ்சலை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். முதுகுக்கு நான் வைத்த தலையணை முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது, எலும்பு எலும்போடு உரசாமல் இருக்க நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பேனே, அதே மாதிரி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தோளில் நான்கு விரல் அழுத்திய இடம் வெளுத்திருந்து, நான் பார்க்கப் பார்க்கச் சிவந்தது. பணிப்பெண் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியே தெரிந்தாள். சாரதா சமையலறையில் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது.

"அப்பாடா," என்று முத்தம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

காருக்குள் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். படுக்கை நோயாளியின் தோல் பராமரிப்புக்குப் பத்து மதிப்பெண். செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம். மற்றதையெல்லாம் கூட்டிவிட்டேன், ஐம்பத்தைந்து. அந்தப் பத்தைப் போட்டால் இல்லம் பிழைத்துவிடும், அது எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? எழுதாத வேலை செய்யாத வேலை. சுழியம் போட்டேன்.

அக்டோபரில் இல்லத்தை மூடினார்கள். அஞ்சலையை ஜெலாப்பாங்கில் புதிதாகக் கட்டிய இல்லத்துக்கு மாற்றினார்கள். ஏர்கண்டிஷன், பளபளவென்று தரை, முழுதாக நிரப்பிய அட்டவணை. தீபாவளி முடிந்து நான் போய்ப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே என் முஷ்டி உள்ளே போகும் அளவுக்குப் புண். அட்டவணையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கையெழுத்து, ஒரே பேனா, ஒரே சாய்வு. நான் சத்தம் போட்டேன். அடுத்த முறை போனால் சொந்தக்காரர் அல்லாதவர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். அதுவும் விதிதான். அவரை உடனே மருத்துவமனையில் சேருங்கள், இல்லையென்றால் சாரதாவிடமே திருப்பிக் கொடுங்கள், பத்து மதிப்பெண்ணை நான் தவறாகக் குறைத்துவிட்டேன் என்று நவம்பர் கடைசியில் மேலிடத்துக்கு எழுதினேன். இரண்டு வாரத்துக்குள் பதில் தருவோம் என்று அவர்கள் சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறார்கள். போன் போட்டால், "ஃபைல் மேல போயிருக்கு மேடம்" என்றார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டேன். சிரித்தார்கள்.

நான் ஈப்போவில் தனியாக இருக்கிறேன். சுவருக்கு முதுகு காட்டித்தான் தூங்குவேன், நினைவு தெரிந்த நாளாக. தைப்பூசத்தன்று காலை விழித்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் தலையணை என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. விரிப்பில் சுருக்கம் இல்லை. பழக்கதோஷம், டைரியில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்தேன். அன்றிரவு அலமாரியைப் பூட்டிச் சாவியை அரிசி டின்னில் போட்டேன். மறுநாள் காலையும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறியதில்லை. எனக்கு ஒரு நோவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நடந்தே மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன்.

கடைசியில் பதில் வந்தது. விசாரித்ததில் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லையாம், ஆதாரமாக அட்டவணையின் நகல் இணைக்கப்பட்டுள்ளதாம், அஞ்சலை தைப்பூசத்துக்கு முதல் நாள் காலமாகிவிட்டதால் கோப்பு மூடப்பட்டதாம். நகலைப் பார்த்தேன். அவர் இறந்த பிறகும் இரண்டு நாள் அவரைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு என் டைரியை எடுத்துப் பார்த்தேன். தைப்பூசம், காலை ஆறு மணி, என் கையெழுத்து.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருப்பேன். அன்றைக்கு விளக்கை அணைக்கும் முன் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பதில் கடிதத்தின் மூலையில் வழக்கம்போல, கிடைத்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் இருபத்தொன்று.