மன்னிக்கவும் அக்காவும் பட்டியலில் இல்லாத சிஸ்டமும்

ஆபீசில் அவளுக்கு 'மன்னிக்கவும் அக்கா' என்று பெயர். கம்ப்யூட்டர் சர்வரை வாடகைக்கு எடுத்தவர்கள் சாட்டில் வந்து புலம்பினால், வீட்டிலிருந்தபடியே பதில் தட்டுவது அவள் வேலை. நாளுக்கு எழுபது தடவையாவது 'மன்னிக்கவும்' தட்டுவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எட்டு மாதமாக இழுத்தடித்துவிட்டு, அன்று மாலை ஐந்து மணிக்கு முடிவு சொல்வதாக இருந்தார்கள். அதுவரை ஒரு வாடிக்கையாளர்கூட ஒற்றை ஸ்டார் போட்டுவிடக் கூடாது. போட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எந்தக் கம்பெனிக்காகப் பதில் சொல்கிறாள் என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் விடவில்லை.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷன், ஆனால் வம்பு தானாக வராவிட்டால் வாசலுக்குப் போய்க் கூட்டி வருவார். அன்று கடைக்கு விடுமுறை. கடையின் வெப்சைட்டுக்கென்று கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, லேப்டாப்போடு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கம்பெனிக்காரன் ஒன்பது ஆபரேட்டிங் சிஸ்டம் தருகிறான். ஒன்றைத் தொட்டால் தானே ஏறிக்கொள்ளும். இவருக்கு அந்த ஒன்பதும் ஆகாது! எவனோ இணையத்தில் மெச்சிய பத்தாவதுதான் வேண்டும். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ரெஸ்க்யூ மோடில் சர்வரை எழுப்பி, டிஸ்க்கைத் துடைத்து, தன் சிஸ்டத்தை ஏற்றினார். ஏறியது. நெட் மட்டும் வரவில்லை.

பத்தரை மணிக்கு, ஹாலில் இருந்தவளின் திரையில் வந்து விழுந்தது: "நெட் வரல. உடனே! உடனே! உடனே!" குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்கும் அதே தோரணை. கணக்கின் பெயரைப் பார்த்தாள். அடக் கடவுளே, அவரேதான்!

"மன்னிக்கவும். தாங்கள் நிறுவியுள்ள சிஸ்டம் எங்கள் பட்டியலில் இல்லை. எங்களால் உதவ இயலாது." இதைத் தவிர வேறெதையும் தட்ட அவளுக்கு அனுமதி இல்லை. அவர் மாற்றி மாற்றிப் பதினோரு தடவை கேட்டார். பதினோரு தடவையும் இதுவே போயிற்று.

மதியம் சாப்பாட்டு மேசையில் மனுஷன் கொதித்தார். "சாட்ல ஒரு ஜென்மம் உக்காந்திருக்கு பாரு, சொன்னதையே சொல்லுது. ஒரே ஒரு ஸ்டார் போட்டுட்டுத்தான் எழுந்து வந்தேன்."

"போட்டுட்டீங்களா?"

"பின்ன? சும்மா விடுவேனா?"

கையெழுத்தாவது, கம்பெனியாவது! "அந்த ஜென்மம் நான்தாங்க! உங்க கேட்வே, அதான் நெட்டுக்குப் போற வாசல், உங்க நெட்வொர்க்குக்கு வெளிய இருக்கு. முதல்ல அங்க போக ஒரு ரூட் போடணும். இத மூணு மணி நேரமா தொண்டையில வெச்சுக்கிட்டு தவிக்கிறேன், நீங்க என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்களே!" அழுதேவிட்டாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. கையைக் கழுவியும் கழுவாமலும் உள்ளே ஓடினார். முதலில் ரூட்டைப் போட்டுப் பார்த்தார், அந்த ஆசை விடுமா! நெட் வந்தது. ஆனால் போட்ட ஸ்டாரை மாற்ற முடியவில்லை. அதனால் மேலாளருக்கு மூன்று பக்கத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். தான் புருஷன் என்பதை மட்டும் சாமர்த்தியமாக மறைத்துவிட்டாராம்.

"எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்றார் வெளியே வந்து. அவர் வாயால் அதைக் கேட்டாலே, அடுத்து என்ன உடைந்ததென்று அவள் தேடுவாள்.

ஐந்து மணிக்கு மேலாளர் அம்மா போனில் வந்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலையில ஒருத்தர் உங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டிருக்காரு. மதியம் அவரே புகழ்ந்து தள்ளியிருக்காரு. உங்க குரல் தேனாம். நீங்க சாட்லதானே பேசினீங்க?"

"ஆமா மேடம், டைப்தான் பண்ணினேன்."

"உங்க கைச்சமையல் வேற பிரமாதமாம்! யாரும்மா இது? மறை கழண்ட கேஸா?"

புருஷன் எதிரில் நின்று, வேண்டாம் என்று கைகூப்பினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாவே கழண்டிருக்கு மேடம்."

"நெனச்சேன். இந்த மாதிரி ஆளுங்க போடுற ஸ்டாரை நாங்க எடுத்துக்கறதில்ல. உங்க வேலை நிரந்தரம், கவலைய விடுங்க. ஃபைலுக்கு ஒரு ரிப்போர்ட் மட்டும் வேணும். அந்த ஆள்கிட்ட என்னென்ன கோளாறுன்னு உதாரணத்தோட எழுதி அனுப்பிடுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை பக்கம் வரைக்கும் எழுதலாம் மேடம்?"