புது டிஸ்கில் இல்லாத அக்கா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் உள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்றான் அண்ணன். அதிலிருந்த படங்களெல்லாம் அக்காவின் உழைப்பு. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஏற்றிவைத்தாள். பிறகு வெள்ளம் வந்த வருடம், பீர்க்கன்கரணை வீட்டுக்குள் தண்ணீர் ஏறி ஆல்பங்கள் கூழாகிப்போயின. கம்ப்யூட்டரை அண்ணன்தான் தலையில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனான்.

அந்த அக்கா இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கூட வேலை பார்த்த கிறிஸ்தவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வாசற்படி மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அண்ணன்தான். அப்பாவுக்கு இன்றுவரை அது தெரியாது. எனக்குத் தெரியும். அவனை அவ்வளவு நம்பியதற்கு அதுதான் காரணம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கொடுத்து, புது டிஸ்க் போட்டு, பழையதில் இருந்ததை அதில் ஏற்றி வாங்கி வந்தான். சில நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"பாப்பாவுக்கு முதல் பர்த்டே வருதுடி. என் முதல் பர்த்டே போட்டோ இருக்குமே, மஞ்சள் கவுன் போட்டுகிட்டு. அனுப்பு, ரெண்டையும் சேர்த்து பிரிண்ட் போடணும்."

தேடினேன், இல்லை. அண்ணனைக் கேட்டேன்.

"பழசுல பாதி ரீட் ஆகலையாம். வந்தவரைக்கும் போதும்னு விடு" என்றான்.

அக்காவிடமும் அப்படியே சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். திருநீர்மலைக்குப் போன படங்களில் மொட்டைத் தலையோடு அண்ணன், படியில் அம்மா, அழுதபடி நான். அக்கா இருந்த படம் ஒன்றுகூட இல்லை. தீபாவளி, பள்ளி ஆண்டு விழா, அத்தை கல்யாணம், எதைத் திறந்தாலும் அப்படித்தான். கெட்டுப்போன டிஸ்குக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன்.

"ரீட் ஆவலையா? யாரு சொன்னது? ஒண்ணு வுடாம ஏறிச்சு மேடம். பழசையும் உங்க அண்ணன் கைல குடுத்து அனுப்பிச்சேனே" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் மறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வர்றாங்க. நாங்க ரெண்டு பேர்தான்னு சொல்லி வச்சிருக்கு. யாராவது திறந்து பார்த்தா இன்னா சொல்றது?"

"பழைய டிஸ்க் எங்க?"

"காயலான் கடையில போட்டாச்சு."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவன் தட்டில் ரசம் ஊற்றினாள்.

"அவன் வாழ்க்கையையும் பார்க்கணுமில்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

புது டிஸ்கில் அழித்ததை மீட்க முடியுமா என்று கடைக்காரர் முயன்று பார்த்தார். சில படங்கள் பாதியாக வந்தன. மேலே கொஞ்சம் சுவர், கொஞ்சம் தலைமுடி, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க மொத்தம் ரெண்டு பேரும்மா?" என்று கேட்டார்.

"மூணு பேர் ஆன்ட்டி. பெரியவங்க எங்க அக்கா. மேடவாக்கத்துல இருக்காங்க."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா. விசாரிக்காமலா வருவோம்? நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்தோம். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல."

அண்ணன் தலை நிமிரவில்லை. கல்யாணம் நிச்சயமாயிற்று. அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவனிடம் பேச எதுவும் இல்லை.

மேடவாக்கத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. பாப்பாவுக்குச் சோறு ஊட்டியபடி கேட்டாள்.

"ஒவ்வொரு போட்டோவா திறந்து, நான் இருக்கேனான்னு பார்த்துத்தானே அழிச்சிருப்பான்?"

"ஆமாக்கா."

"எப்படிடி முடிஞ்சுது அவனால?"

பாப்பாவின் பிறந்தநாளன்று அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து வந்தது. அக்கா அதைத் திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு கேக் வெட்டப் போனாள்.