வக்கீலம்மா விட்டுக்கொடுத்த சமையலறை

பிஸ்கட் கம்பெனி தன் வேலையாட்களுக்கு வீடு கட்ட நினைத்தபோது, ஊருக்கு வெளியே யாரும் சீந்தாமல் கிடந்த பள்ளத்தை வாங்கிப்போட்டது. தோளோடு தோள் ஒட்டிய ஓட்டு வீடுகள், நடுவே ஒல்லியாய் ஒரு தெரு. பிறகு போல்ட் பட்டறை வந்தது, சாயப்பட்டறை வந்தது, பஸ்ஸும் வந்தது. தண்ணீர் வெளியேற மட்டும் வழி வரவில்லை. மழை வலுத்தால் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைக்க வேண்டும் என்பது அங்கே நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்.

அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள். புருஷன் போல்ட் பட்டறையில் கடைசல்காரர். அவள் பிஸ்கட் பொட்டலம் கட்டினாள். வேலை நேரத்தில் பேசக்கூடாது என்று மேற்பார்வையாளர் சத்தம் போட்டபோது, "ஏன் சார், பிஸ்கட்டுக்குக் காது இருக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் வக்கீலம்மா. படித்தது ஐந்தாம் வகுப்பு.

பக்கத்து வீட்டில் நாத்தனார், புருஷனின் அக்கா. நடுவில் ஒரே ஒரு சுவர். துணிக்கொடி யாருடையது என்ற சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை" என்று அக்கா தம்பியிடம் சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகக் கேட்கும். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் அந்த மனிதர்.

நாத்தனாரின் கணவர் சாயப்பட்டறையில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், படுத்த படுக்கை. ஒரு பெருமழையில் தண்ணீர் அவர் மெத்தைவரை ஏறிவிட்டது. நாலு பேர் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தி, கம்பெனிக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள்.

வக்கீலம்மாவுக்கு அது தாங்கவில்லை. தண்ணீர் வடிந்ததும், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஊறிப்போன மெத்தைகளோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வராந்தா முழுக்க மெத்தைகளை விரித்தார்கள்.

"என்னம்மா இது?" என்று பதறினார் அதிகாரி.

"எங்க தெருவுல காயப்போட இடமில்ல சார். காயற வரைக்கும் நாங்களும் இங்கயே இருக்கோம்."

மெத்தைகள் நாற ஆரம்பித்ததும் வடிகால் கோப்பு நகர்ந்தது.

அளக்க வந்த பொறியாளர் தெருவை மேலும் கீழும் நடந்து பார்த்தார். வடிகால் பின்னாலுள்ள கால்வாயில் சேர வேண்டுமானால் கடைசி இரண்டு வீடுகளில் ஒன்றின் சமையலறையை இடித்தாக வேண்டும். "இதுவா, அதுவா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் கணவர் படுத்திருந்ததே அந்தச் சமையலறை ஓரத்தில்தான். அங்கேதான் ஜன்னல் இருந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

வக்கீலம்மா அந்த ஜன்னலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டை இடிங்க" என்றாள் பிறகு.

"ஏய், அடுப்பை எங்கடி வைப்ப?" என்றார் புருஷன்.

"அடுப்பைத் தூக்கி எங்க வேணா வைக்கலாம். அண்ணனைத் தூக்கி எங்க வைக்கிறது?"

இடிக்கிற அன்று அலமாரியைத் தானே கழற்றினாள். முதல் கடப்பாரை விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாழ் போட்டுக்கொண்டு தனியாக உட்கார அவளுக்கு இருந்த ஒரே அறை அது.

அடுப்பு முன்னறைக்கு வந்தது. புகையில் புருஷன் இருமினார், அவளும் இருமினாள். ஒரு காலையில் நாத்தனார் தம்பியைத் தூது அனுப்பாமல் நேராக வாசலில் வந்து நின்றாள்.

"புகை என் வீட்டுக்குள்ள வருது. பாத்திரத்தை எடுத்துட்டு வந்து என் அடுப்புலயே வெச்சுத் தொலை."

"உங்க அடுப்பு சரியா எரியாதாமே அண்ணி?"

"வந்து எரிச்சுத்தான் பாரேன்!"

அடுத்த மழைக்குத் தண்ணீர் தெருவில் நிற்காமல் சலசலவென்று கால்வாய்க்கு ஓடியது. குடையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். வக்கீலம்மா பார்க்க வரவில்லை. நாத்தனாரின் சமையலறையில், உப்பை இரண்டாம் தடவை போட்டது யார் என்ற வாதத்தில் இருந்தாள். ஜன்னலோரம் படுத்திருந்தவர் சிரித்துச் சிரித்து, "ரெண்டு பேரும் சண்டையை முடிச்சுட்டு யாராவது எனக்குச் சோறு போடுங்கம்மா" என்றார்.